சிசு போஷணையில் ஸ்தாபனங்களின் ஒத்துழைப்பு

(கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



கடன், விதை, உரம், பால், நெல் விலை ஆகியவற்றைப் பற்றியே வழக்கமாகப் பேசப்படும் இச்சபையில், கைக்குழந்தையின் ஆகாரத்தைப் பற்றிப் பேச நான் எழுந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். அது வீட்டுப் பெண்டிரின் காரியமன்றோ, அதில் சங்கத்துக்கு என்ன வேலை என்று கேட்கவும் கூடும். அக்கேள்விக்கு விடை கூறுவதே இன்றைய பிரசங்கத்தின் நோக்கமாகும்.

குழந்தைக்கு வேண்டுவது இன்னதென்பதில் இன்று வைத்திய நிபுணர்களிடையே பெரிய அபிப்பிராய பேதம் இல்லை. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய் பால் கொடுக்கத் தொடங்க வேண்டும். முதலில் சுரக்கும் மஞ்சள் நிறமான சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிடாமல் குழந்தைக்கே ஊட்ட வேண்டும். ஆறு மாதம் நிறையும் வரையில், டாக்டர் சொல்லும் மருந்து நீங்கலாக, தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் கொடுக்கலாகாது; சேனைத் தண்ணீரும் தேனும் ஆகா; கடுங்கோடையில் வெறுந் தண்ணீரும் வேண்டுவதில்லை, ஏனெனில் தாய்ப்பாலில் இருக்கும் நீரே போதுமானது. ஆறு மாதம் நிறைந்ததும், தாய்ப்பாலுடன் கூடவே, கெட்டியான கூழ், பருப்பு, கீரை, முட்டை முதலியவற்றைத் தொடங்க வேண்டும். இரண்டு வயது வரையிலும், விரும்பினால் அதற்கு மேலும், தாய்ப்பாலைத் தொடரலாம். ஆறு மாதம் என்னும் இந்தக் கணக்கை 2001-ம் வருஷத்தில் உலக சுகாதார மகாசபையும் ஏற்றுக்கொண்டது.

இவ்வளவு எளிதான விஷயம் ஏன் நடைபெறவில்லை? தாய்மாரின் அறியாமையே காரணம் என்று கூறுவது நமக்கு வழக்கமாகிவிட்டது. அது நியாயமான தீர்ப்பன்று என்பதைக் கணக்குகளே காட்டுகின்றன. 2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 100-க்கு 88.6 பிரசவங்கள் ஆஸ்பத்திரி போன்ற ஸ்தாபனங்களிலேயே நடந்தன. அதே கணக்கில், பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் 100-க்கு 41.8 தான். அந்த முதல் ஒரு மணி நேரத்தில் தாயும் சிசுவும் இருந்தது யாருடைய காவலில்? டாக்டர், நர்ஸ் ஆகியோரின் காவலில் அல்லவா? அப்படியானால் குறை எங்கே இருக்கிறதென்பதை நீங்களே தீர்மானித்துக்கொள்ளலாம். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் ஒன்றையே பெற்றவர்கள் 100-க்கு 63.7. ஆறு மாதம் முதல் 23 மாதம் வரையுள்ள குழந்தைகளில் போதிய ஆகாரம் பெற்றவர்களோ 100-க்கு 11.3 மட்டுமே. ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 100-க்கு 35.5 பேர் வயதுக்குத் தக்க உயரமின்றிக் குன்றியிருந்தனர். குடியானவன் தன் வயலில் இத்தகைய மகசூலைக் கண்டால் விதையையோ நிலத்தையோ மட்டும் பழித்துவிட்டுச் சும்மா இருக்கமாட்டான். தண்ணீர் எங்கே தடைப்பட்டதென்று வாய்க்கால் நெடுகப் பார்த்து வருவான். நாமும் அவ்வாறே பார்ப்போம்.

டப்பாப் பாலின் கதை

தாய்ப்பாலுக்குப் பதிலாக டப்பாப் பாலும் புட்டியும் உலகமெங்கும் பரவியது வியாபாரத்தினால்தான். அதன் தீங்கை முதலில் உரக்கச் சொன்னவர்களுள் ஒருவர் ஸிஸிலி வில்லியம்ஸ் என்னும் வைத்திய அம்மையார். ஆப்பிரிக்காவில் கோல்ட் கோஸ்ட் என்று அன்று வழங்கிய நாட்டில் வேலை செய்து, குழந்தைகளின் உடல் வீங்கும் போஷணைக் குறைவு நோயை 1933-ம் வருஷத்தில் விவரித்து எழுதியவர் அவர். பின்னர் மலாயாவில் ஊழியம் செய்தபோது, தாய்மாரிடம் சர்க்கரை சேர்த்த டப்பாப் பால் சிசுக்களுக்கு உகந்ததென்று விளம்பரம் செய்யப்படுவதையும், அதை நம்பிய வீடுகளில் குழந்தைகள் இறப்பதையும் கண்டார். 1939-ம் வருஷம் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் ‘பாலும் கொலையும்’ என்று பொருள்படும் தலைப்பிலே ஒரு பிரசங்கம் செய்தார். சிசுக்களின் ஆகாரம் பற்றித் தவறான பிரசாரம் செய்து விளைவிக்கும் சாவைக் கொலையாகவே கருத வேண்டுமென்பது அதன் சாரம்.

அம்மையார் கூறியது உண்மை. ஆனால் ஒருவர் குரலால் வியாபாரம் நின்றுவிடவில்லை. டப்பாவில் விஷம் இருந்தது என்பதல்ல விஷயம். ஏழை வீட்டில் கொதிக்க வைத்த சுத்தமான தண்ணீர் இல்லை. புட்டியைக் காய்ச்சிச் சுத்தம் செய்ய விறகு இல்லை. விலை அதிகமாதலால் நாலு நாள் வரவேண்டிய மாவை எட்டு நாளைக்கு நீட்டிக் கரைப்பர். குழந்தைக்குப் பேதி காணும், உடம்பு இளைக்கும். இதற்குள் குழந்தை சப்பாமையால் தாயின் பாலும் வற்றிவிடும். பிறகு தாய் டப்பாவை விட நினைத்தாலும் விட முடியாது.

முப்பத்தைந்து வருஷங்களுக்குப் பின், 1974-ல், வறுமை ஒழிப்பில் ஈடுபட்ட ஒரு பிரிட்டிஷ் தர்ம ஸ்தாபனம் இவ்விஷயத்தை ஒரு சிறு புத்தகமாக வெளியிட்டது. ஸ்விட்ஜர்லாந்தில் ஒரு சிறு கூட்டத்தார் அதை மொழிபெயர்த்துப் பரப்ப, பெரிய கம்பெனி ஒன்று அவர்கள்மீது வழக்குத் தொடர்ந்தது. 1976-ல் அக்கூட்டத்தாருக்குச் சிறு அபராதம் விதிக்கப்பட்டதாயினும், விஷயம் உலகெங்கும் தெரிந்துவிட்டது. 1977-ல் அமெரிக்காவில் சபைகளும் சங்கங்களும் அக்கம்பெனியின் சாமான்களைப் பகிஷ்கரிக்கத் தொடங்கின. 1979-ம் வருஷம் அக்டோபர் மாதம் உலக சுகாதார ஸ்தாபனமும் யூனிசெப் ஸ்தாபனமும் சேர்ந்து, சர்க்கார்களையும் வைத்தியர்களையும் வியாபாரிகளையும் தர்ம ஸ்தாபனங்களையும் ஜினீவா நகரில் ஒரே கூட்டத்துக்கு அழைத்தன. அங்கே சந்தித்த ஆறு சிறு ஸ்தாபனங்கள், தனித்தனியே கூவினால் பயனில்லை என்றுணர்ந்து, தமக்குள் ஒரு கூட்டு வலையமைப்பை ஏற்படுத்திக்கொண்டன. 1981-ம் வருஷம் மே மாதம் 21-ந் தேதி, தாய்ப்பாலுக்குப் பதிலாக விற்கப்படும் பொருள்கள் பற்றிய சர்வதேச ஒழுங்கு விதிகளை உலக சுகாதார மகாசபை நிறைவேற்றியது. அனுகூலமாக 118 வோட்டுகளும், எதிராக அமெரிக்காவின் ஒரே வோட்டும் விழுந்தன. மூன்று நாடுகள் நடுநிலை வகித்தன.

இச்சரித்திரத்தை ஏன் விரித்துரைத்தேனெனில், இதில் ஒரு படிப்பினை உண்டு. வைத்தியருக்கு உண்மை தெரிந்திருந்தது. ஆனால் சட்டம் செய்ய அவரால் இயலாது. சர்க்காருக்குச் சட்டம் செய்ய இயலும். ஆனால் ஜனங்கள் கேளாமல் அது அசையாது. பொதுஜன சங்கங்களுக்குக் கேட்கத் தெரியும். ஆனால் சாஸ்திர ஆதாரமின்றிக் கேட்டால் யாரும் மதியார். மூன்றும் கூடியபோதுதான் காரியம் நடந்தது.

நம் நாட்டுச் சட்டம்

அந்தச் சர்வதேச விதிகள் சட்டமல்ல; ஒவ்வொரு நாடும் தன் சட்டத்தைத் தானே செய்துகொள்ள வேண்டும். இந்தியாவில் 1992-ம் வருஷம் குழந்தைப் பால் மாற்றுகள், பாற்புட்டிகள், குழந்தை உணவுகள் பற்றிய சட்டம் நிறைவேறி, 1993-ம் வருஷம் ஆகஸ்டு 1-ந் தேதி அமுலுக்கு வந்தது. 2003-ல் அது திருத்தப்பட்டு, இரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கென விற்கும் பொருள்கள் யாவும் அதற்குட்பட்டன.

அச்சட்டத்தின் சாராம்சத்தைச் சங்க அங்கத்தினர் ஒவ்வொருவரும் தெரிந்திருத்தல் அவசியம். இப்பொருள்களை விற்கலாம், விளம்பரம் செய்யலாகாது. மாதிரி டப்பாக்களோ, பாத்திரம் முதலிய இனாம்களோ, வேறு ஆசை காட்டுதலோ கூடாது. விற்பனைக்காகக் கர்ப்பிணிகளையோ தாய்மாரையோ அணுகுதல் கூடாது. ஆஸ்பத்திரிச் சுவர்களில் இவற்றுக்கான படங்களை ஒட்டுதல் கூடாது. குழந்தைப் பால் டப்பாவின்மேல் குழந்தை படமோ, ஸ்திரீயின் படமோ இருக்கலாகாது. தாய்ப்பாலே சிறந்ததென்னும் எச்சரிக்கை இருக்க வேண்டும். வைத்தியர்களுக்கும் அவர்களுடைய சங்கங்களுக்கும் இப்பொருள்களைச் செய்வோரும் விற்போரும் பணமோ, மகாநாட்டுச் செலவோ கொடுக்கலாகாது. விளம்பரம், இனாம் முதலிய குற்றங்களுக்கு மூன்று வருஷம் வரை சிறைவாசமோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

இச்சட்டத்தில் நம் விஷயத்துக்கு மிகவும் பொருத்தமான அம்சம் மற்றொன்று உண்டு. குற்றத்தைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகும் அதிகாரம் உத்தியோகஸ்தர்களுக்கு மட்டுமல்லாமல், குழந்தைகளின் நலத்துக்காக உழைக்கும் தொண்டு ஸ்தாபனங்களில் சர்க்கார் அங்கீகரித்தவற்றுக்கும் அளிக்கப்பட்டிருக்கிறது. 1991-ம் வருஷம் டிசம்பர் மாதம் வார்தாவில் தோன்றிய இந்தியத் தாய்ப்பால் ஊக்குவிப்பு வலையமைப்பு அத்தகையவற்றுள் ஒன்று. சர்க்கார் சட்டம் செய்ய, பொதுஜன ஸ்தாபனம் காவல் காக்கிறது. நம் சங்கத்துக்கு நேரே வழக்குத் தொடரும் அதிகாரம் இல்லை. ஆனால் சட்டத்துக்கு மாறான விளம்பரத்தைக் கண்டால் அதைக் குறித்து வைத்து, ஜில்லா உணவுப் பாதுகாப்பு அதிகாரிக்கோ, அங்கீகாரம் பெற்ற ஸ்தாபனத்துக்கோ எழுதித் தெரிவிக்க யார் தடை?

சபையில் யார் யாருக்கு இடம்?

எல்லோரும் ஒத்துழைக்க வேண்டும் என்று சொல்வது எளிது. எல்லோரும் ஒரே ஆசனத்தில் அமரலாமா என்பதே கஷ்டமான கேள்வி. டப்பாப் பால் செய்யும் கம்பெனியும் தனக்குக் குழந்தைகளின் நலத்தில் அக்கறை உண்டென்று கூறி, கொள்கை வகுக்கும் சபையில் இடம் கேட்கிறது. அதற்குப் பணமும் உண்டு, அறிஞர்களும் உண்டு. ஏன் மறுக்க வேண்டும்?

இதற்கு விடை கூட்டுறவுச் சங்கத்தாருக்குப் புதிதன்று. ஓர் அங்கத்தினருடைய கடன் விண்ணப்பம் நிர்வாக சபைக்கு வரும்போது, அவரே சபையில் உட்கார்ந்து அதற்கு வோட்டளிப்பதை நாம் அனுமதிப்பதில்லை. அவர் கெட்டவர் என்பதனாலன்று. அவ்விஷயத்தில் அவருக்குச் சொந்த லாபம் உண்டு என்பதனால். 2002-ம் வருஷத்தில் உலக சுகாதார ஸ்தாபனமும் யூனிசெப்பும் வெளியிட்ட சிசு மற்றும் இளங்குழந்தை போஷணைக்கான உலகத் திட்டமும் இந்த நியாயத்தையே அனுசரித்தது. சர்க்கார், வைத்திய சங்கங்கள், தொண்டு ஸ்தாபனங்கள், தாய்மாரின் சங்கங்கள், தொழில் முதலாளிகள், பத்திரிகைகள் ஆகிய ஒவ்வொன்றுக்கும் அது ஒரு வேலையைக் குறித்தது. குழந்தை உணவு உற்பத்தியாளருக்கோ இரண்டே கடமைகளை விதித்தது: பொருள் உரிய தரமுடையதாய் இருக்கச் செய்வது ஒன்று, விற்பனை விதிகளுக்கு அடங்கி நடப்பது மற்றொன்று. அவர்கள் செய்யவேண்டியது உண்டு. கொள்கை வகுப்பது அவர்கள் வேலையன்று.

இது நமக்கும் பொருந்தும் என்பதை மறக்கலாகாது. எருமைப் பாலிலிருந்து குழந்தை உணவு செய்யும் முறையை மைசூர் ஆராய்ச்சி நிலையத்தார் கண்டுபிடிக்க, 1960-ம் வருஷ வாக்கில் ஆனந்த் நகரத்துப் பால் கூட்டுறவு ஸ்தாபனம் அதை உற்பத்தி செய்யத் தொடங்கியது. வெளிநாட்டுச் சரக்கை நம்பியிராதபடி செய்த அக்காரியம் மெச்சத்தக்கதே. ஆயினும் டப்பாவின்மேல் கூட்டுறவு முத்திரை இருப்பதனால் சட்டம் தளர்ந்துவிடாது. லாபம் பலருக்குப் பங்கிடப்படுகிறதென்பதனால் அது லாபமல்லாமற் போய்விடவும் மாட்டாது. நம் பண்டகசாலையும் ஒரு கடையே.

நம் மாகாணத்து அனுபவம்

தமிழ்நாட்டில் 1980-ம் வருஷம் உலக வங்கியின் உதவியுடன் ஒருங்கிணைந்த போஷணைத் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. ஆறு மாதம் முதல் 36 மாதம் வரையுள்ள குழந்தைகளைக் கிராமப் போஷணைத் தொண்டர் மாதந்தோறும் நிறுத்துப் பார்ப்பார். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் குறைந்தது 90 நாட்கள் சத்துணவு கொடுத்து, தாய்க்கும் புத்திமதி கூறுவார். ஊர்ப் பெண்கள் சேர்ந்து சங்கம் அமைத்து உதவினர். கடுமையான போஷணைக் குறைவு இத்திட்டத்தினால் குறைந்ததென்று பின்னர் மதிப்பிட்டனர். ஆயினும் போஷணைத் தொண்டர் ஓர் இலாகா, சுகாதார நர்ஸ் மற்றோர் இலாகா என்றிருந்தபடியால், நோயுற்ற குழந்தையை ஒருவர் மற்றவரிடம் ஒப்புவிக்கும் காரியம் எதிர்பார்த்த அளவு நடைபெறவில்லை. உணவு ஒரு கையிலும் மருந்து மற்றொரு கையிலும் இருந்து, இரண்டு கையும் சேராத குறையே அது.

ஏரிப் பாசனமுள்ள ஊரில் வாய்க்கால் மராமத்தை நீங்கள் அறிவீர்கள். ஒவ்வொரு குடியானவரும் தம் பங்கு நீளத்தைத் தூர் வாருவர். ஒருவர் தம் பங்கை விட்டுவிட்டால், மற்றவர் எவ்வளவு ஆழமாக வெட்டியிருந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் போகாது. சிசு போஷணையில் கடைமடையில் நிற்பது பேச அறியாத குழந்தை. அதனால் முறையிட முடியாது.

பிரேஸில் தேசத்தில் இதைப் பிறர் செய்துகாட்டியிருக்கின்றனர். அந்நாட்டின் வடகிழக்கிலுள்ள ஒரு மாகாணத்தில் தபால்காரர்கள் கடிதத்தோடு தாய்ப்பால் பற்றிய செய்தியையும் வீடுதோறும் கொண்டுசென்றனர். தலைநகரில் தீயணைக்கும் படையினர் வீடுகளுக்குச் சென்று, தாய்மார் தானமளிக்கும் பாலை வாங்கி ஆஸ்பத்திரிப் பால் வங்கியில் சேர்க்கின்றனர். சுகாதாரத்துக்குச் சம்பந்தமில்லாத இலாகா என்று ஒன்றும் இல்லை என்பதற்கு இதுவே சான்று.

கூலி வேலை செய்யும் தாய்

இன்னொரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் இப்பிரசங்கம் முழுதும் வெறும் உபதேசமாகிவிடும். ஆறு மாதம் தாய்ப்பால் கொடு என்று சொல்லுகிறோம். நாற்று நடவும் களையெடுக்கவும் போனால்தான் அன்றாடம் கூலி என்றிருக்கும் தாய் என்ன செய்வாள்? 2017-ம் வருஷத்தில் பிரசவ ரஜா 26 வாரமாக உயர்த்தப்பட்டது. அது ஆபீசுகளிலும் ஆலைகளிலும் வேலை பார்ப்போருக்கே பயன்படும். 2013-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டம் கர்ப்பிணிகளுக்கும் தாய்மாருக்கும் 6,000 ரூபாய்க்குக் குறையாத உதவியை உரிமையாகக் கூறியது. ஆறு மாதக் கூலியோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். 2005-ம் வருஷத்து ஊரக வேலை உறுதிச் சட்டத்தில், வேலை நடக்குமிடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ இருந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை நியமிக்க வேண்டுமென்று விதி வைத்தனர். விதி ஏட்டில் இருந்தால் போதுமா?

அகமதாபாத்தில் 1972-ல் தோன்றிய சுயதொழில் பெண்கள் சங்கத்தார், குழந்தைக் காப்பகங்களைக் கூட்டுறவு முறையிலேயே நடத்துகின்றனர். பார்த்துக்கொள்ளும் பெண்களே அச்சங்கத்தின் அங்கத்தினர்கள். கூலிக்காரத் தாய்மார் நடத்திக்காட்டிய கூட்டுறவு இது. கடன் கொடுக்கவும் பால் வாங்கவும் சங்கம் கூடும் நாம், குழந்தையை வைத்துக்கொள்ள ஒரு கொட்டகை போடக் கூடலாகாதா?

நம்மால் ஆவன

இனி, நம் சங்கம் செய்யக்கூடியவற்றைச் சுருக்கமாகக் கூறுகிறேன்.

முதலாவது, பண்டகசாலையில் குழந்தைப் பால் டப்பாவைக் கண்ணில் படும்படி அடுக்கிவைத்தலும், தள்ளுபடி கூறுதலும், கம்பெனிப் படம் தொங்கவிடுதலும் நிற்க வேண்டும். தாயை இழந்த சிசுக்களும், வைத்தியர் யோசனைப்படி தாய்ப்பால் பெறமுடியாத சிசுக்களும் உண்டு. அவர்களுக்காகக் கேட்டு வருவோருக்குத் தேதி பார்த்து நல்ல சரக்கைக் கொடுங்கள். அத்தாய்மாரை ஒரு சொல்லும் கடிந்து பேச வேண்டாம்.

இரண்டாவது, மாதம் ஒரு நாள் கிராம சுகாதார நர்ஸ், அங்கன்வாடி ஊழியர், பஞ்சாயத்து அங்கத்தினர், சங்கப் பிரதிநிதி ஆகிய நால்வரும் ஒரே இடத்தில் கூடி, எடை ஏறாத குழந்தைகளின் பெயர்களை ஒரே பட்டியலாக எழுதி, இன்ன குழந்தை இன்னாருடைய பொறுப்பு என்று தீர்மானிக்க வேண்டும். யாருடைய பொறுப்பு என்று எழுதாத தீர்மானம் தீர்மானமாகாது.

மூன்றாவது, கேழ்வரகு, பச்சைப்பயறு, நிலக்கடலை இவற்றை வறுத்து அரைத்த சத்துமாவைப் பெண்கள் சங்கத்தார் செய்ய, பண்டகசாலை அடக்க விலைக்கு விற்கலாம். கூழ் கரண்டியிலிருந்து ஒழுகாத கெட்டியாய் இருத்தல் வேண்டுமென்பதையும் சொல்லிக் கொடுங்கள். நீர்த்த கஞ்சி வயிற்றை நிரப்பும், உடம்பை வளர்க்காது.

நான்காவது, நடவு அறுவடைக் காலங்களில் சங்கக் கட்டடத்தின் ஒரு பகுதியைக் குழந்தைக் காப்பகமாக விடலாம். தாய் வந்து பால் கொடுத்துப் போக இடைவேளை தருவதை நிலம் வைத்திருக்கும் அங்கத்தினர் தம் கடமையாகக் கொள்ளலாம். அந்த இடைவேளைக்குக் கூலி பிடிக்கலாகாது.

ஐந்தாவது, நம் கூட்டங்களுக்கும் விழாக்களுக்கும் குழந்தை உணவு வியாபாரிகளிடமிருந்து நன்கொடை வாங்குவதில்லை என்று ஒரு தீர்மானம் செய்து நிகழ்ச்சிப் புத்தகத்தில் எழுதி வைப்போம்.

இவற்றில் பெரும் பணம் தேவைப்படுவது ஒன்றுமில்லை. பண்டகசாலைக்குச் சிறிது லாபம் குறையும். நிலமுள்ளோருக்கு அரை மணி வேலை குறையும். அவ்வளவே நம்மிடம் கேட்கப்படுவது. அதைக் கொடுக்க மனமில்லாத சபை, தாய்மாரின் அறியாமையைப் பற்றிப் பேசும் யோக்கியதையை இழந்துவிடும். ஆகவே, அடுத்த நிர்வாக சபைக் கூட்டத்தின் நிகழ்ச்சிக் குறிப்பில் இவ்விஷயத்தை முதல் இனமாகச் சேர்க்குமாறு காரியதரிசி அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.